ஆறுமணிக்குருவியைப் பார்ப்பது எப்படி: தாமிரபரணிக் கரைத் தோப்புகளிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

என் ஆச்சி ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரைக்கும் ஒரு குரலைக் கேட்டுத்தான் விளக்கேற்றுவாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு. மசங்குகிற நேரத்தில் தோப்புக்குள்ளிருந்து யாரோ வாயைக் குவித்து இரண்டு இழுப்பாகச் சீட்டியடித்ததுபோல ஒரு சத்தம் வரும். "ஆறுமணிக்குருவி கூப்பிட்டுட்டுல்லா, திரியை எடுத்துப் போடு" என்பாள். எண்பது வயது வரை இருந்தாள். அந்தக் குருவியை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, கடையம், களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கம் யாரிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே கதைதான். குரல் தெரியும், ஆளைத் தெரியாது. எண்ணிக்கையில் இது அப்படியொன்றும் அருகிப்போன பறவை இல்லை. கண்ணில் படுவதுதான் அரிது. நானும் இரண்டு பனிக்காலம் தோப்பு தோப்பாக நடந்து ஏமாந்தபிறகு, மூன்றாவது வருஷம் நடப்பதை நிறுத்திவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. அப்போதிருந்து கற்றதை எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

தேடப்போகும் முன்: யார் இந்தக் குருவி

மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது, ஆனால் குண்டு. நீளம் சுமார் 19 செ.மீ., எடை 50 முதல் 60 கிராம். வால் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குட்டை, கால்கள் மட்டும் நீளம். முதுகு பச்சை, இறக்கையிலும் பிட்டத்திலும் பளிச்சென்ற நீலம், தொண்டை வெள்ளை, நெஞ்சும் வயிறும் சந்தனம் கலந்த மஞ்சள், அடிவயிறு குங்குமச் சிவப்பு. கண்ணை ஒட்டி மை தீட்டியதுபோல ஒரு தடித்த கறுப்புப் பட்டை, அதற்குமேல் மெல்லிய வெள்ளைக் கோடு, உச்சந்தலை நடுவிலும் ஒரு கறுப்புக் கோடு. ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இந்தியில் இதை நவரங் என்கிறார்கள்: ஒன்பது நிறம்.

இவ்வளவு நிறம் இருக்கிற பறவை எப்படி மறைகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். நிறம் பெரும்பாலும் முன்பக்கமும் அடியிலும்தான். நமக்கு முதுகைக் காட்டி நிழலில் நின்றால் ஒரு மங்கிய பச்சை இலை கிடக்கிற மாதிரிதான் இருக்கும். கண்பட்டை முகத்தின் வடிவத்தையே கலைத்துவிடும். போதாததற்கு, சத்தம் கேட்டதும் பறக்காமல் அப்படியே உறைந்து நிற்கும் பழக்கம் வேறு.

தோட்டக்கள்ளன், பொன்னுத்தொட்டான் என்றும் தமிழில் இதற்குப் பெயர்கள் உண்டு. உலகம் முழுக்க இந்தக் குடும்பத்துப் பறவைகளைப் பிட்டா என்று அழைப்பதற்குக் காரணம் தெலுங்கு. தெலுங்கில் பிட்ட என்றால் சிறு பறவை. 1766இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது காக்கை இனத்தில் சேர்த்து, குட்டைவால் காக்கை என்ற பொருளில் எழுதிவைத்தார். பிறகுதான் தனிக் குடும்பமாகப் பிரித்தார்கள். இதைக் காக்கை என்று எழுதியது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

படி 1: மாதத்தையும் நேரத்தையும் சரியாகப் பிடியுங்கள்

இது நம் ஊரில் கூடு கட்டுவதில்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மேற்கு இந்திய மலைக்காடுகளிலும் பருவமழைக் காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, மழை முடிந்ததும் தெற்கே இறங்குகிறது. பயணம் இரவில். சில தென்தமிழ்நாட்டில் தங்கிவிடும், சில கடலைத் தாண்டி இலங்கைக்குப் போய்விடும். எங்கள் தோப்பில் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதல் வாரத்திலோ முதல் குரல் கேட்கும். சித்திரை பிறக்கும்போது ஓய்ந்துவிடும்.

இந்த ஆறேழு மாதமும் தேடலாம் என்றாலும் எல்லா மாதமும் ஒன்றுபோல இராது. கார்த்திகை, மார்கழி அடைமழையில் சருகெல்லாம் ஊறிப்போயிருக்கும். குருவி காலடியில் குதித்தாலும் காதுக்கு எட்டாது. தையும் மாசியும்தான் பொன்னான காலம். மழை விட்டுச் சருகு காய்ந்து அப்பளம்போல் நொறுங்கும். தரையில் எது அசைந்தாலும் கேட்கும். புதிதாகத் தேடுகிறவர்கள் பொங்கல் முடிந்த வாரத்தில் தொடங்குங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெயரில் ஆறு மணி இருக்கிறதே என்று கடிகாரத்தை நம்பிப் போகாதீர்கள். குருவிக்குக் கணக்கு வெளிச்சம்தான். திருநெல்வேலியில் நவம்பர் முதல் வாரத்தில் சூரியன் காலை ஏறத்தாழ 6:10க்கு எழுந்து மாலை 5:55க்கு விழுகிறது. ஜனவரிக் கடைசியில் அதுவே 6:40, 6:22 என்று தள்ளிப்போகிறது. காலைக் குரல் சூரியன் எழுவதற்கு இருபது நிமிடம் முன்பு, கருக்கல் வெளுக்கும்போது வரும். மாலைக் குரல் சூரியன் விழுந்த கொஞ்ச நேரத்தில். ஆகவே நவம்பரில் 5:40க்கே இடத்தில் இருக்க வேண்டும். தை மாதக் கடைசியில் 6:10 போதும். சில நாள் ஐந்தே நிமிடத்தில் கூப்பிட்டு ஓய்ந்துவிடும். பத்து நிமிடம் தாமதித்தால் அன்றைய பொழுது போயிற்று.

மேகம் மூடிய நாளில் மட்டும் விதிவிலக்கு. வானம் கறுத்துக் கிடந்தால் நடுப்பகலிலும் கூப்பிடும்.

படி 2: குரலைக் காதில் ஏற்றுங்கள்

"வ்வீ...ட்-ட்யூ." இரண்டு சுரம். முதலாவது மேலே ஏறி இழுக்கும், இரண்டாவது சட்டென்று கீழே விழும். தெளிவான, உரத்த சீட்டி. கூப்பிடும்போது தலையைப் பின்னால் சாய்த்து அலகை வானத்தைப் பார்க்கத் தூக்கும். ஒன்று கூப்பிட்டால் பக்கத்துத் தோப்பிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் வாய்க்கால் கரை நெடுக நாலைந்து குரல் தொடர்ந்து போவதைக் கேட்கலாம். எத்தனை குருவி தங்கியிருக்கிறது என்று கணக்கெடுக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

ஈபேர்டு, மெர்லின் போன்ற பறவைச் செயலிகளில் இதன் ஒலிப்பதிவு கிடைக்கும். வீட்டில் உட்கார்ந்து பத்து முறை கேளுங்கள். தோப்பில் போட்டுக் காட்ட வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மலையடிவாரத்தில் தேடுகிறவர்கள் துடுப்புவால் கரிச்சானைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பறவைகளின் குரலை அச்சாகப் போலிசெய்யும் ஆள் அது. மரத்தின் உச்சியிலிருந்து ஆறுமணிக்குருவியின் சத்தமும், அதைத் தொடர்ந்தே வேறு நாலு பறவையின் சத்தமும் வந்தால் கூப்பிட்டது கரிச்சான்.

படி 3: சருகைத் தேடுங்கள், குருவி அங்கேதான்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். இரண்டு வருஷம் நான் வீணாக்கியதும் இங்கேதான். காட்டுப் பறவை என்று நினைத்துப் பாபநாசத்துக்கு மேலேயும் மணிமுத்தாறு அருவிப் பக்கமும் அலைந்துகொண்டிருந்தேன். அது எங்கள் வீட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இந்தக் குருவிக்குப் பெருங்காடு வேண்டியதில்லை. தரையில் குதித்துக் குதித்து, அலகால் இலையைப் புரட்டி, அடியில் இருக்கிற பூச்சி, புழு, கறையான், மண்புழுவைத் தின்பது இதன் பிழைப்பு. அதற்கு வேண்டியவை மூன்று. மேலே அடர்ந்த நிழல். கீழே விரற்கடை கனமாவது சருகு, அதனடியில் ஈரம் காயாத மண். பயந்தால் ஓடி ஒளிய ஒரு தூறு. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது அரை ஏக்கர் கொல்லையாக இருந்தாலும் போதும்.

தாமிரபரணிப் பாசனம் இதற்கென்றே அமைத்ததுபோல இருக்கிறது. கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால் என்று ஆற்றின் இரு பக்கமும் ஓடுகிற வாய்க்கால்களின் கரையில் மா, புளி, நாவல், இலுப்பை, மூங்கில் எல்லாம் கலந்த பழைய தோப்புகள் உண்டு. வாய்க்கால் கசிவு தரையை ஈரமாக வைத்திருக்கும். ஆற்றங்கரை மருத மரங்களின் அடியிலும் பாருங்கள். தனித் தென்னந்தோப்பு பெரும்பாலும் வீண், நிழல் போதாது. வாழைத் தோட்டத்தில் சருகு உரித்துப் போட்ட ஓரங்களில் சிலசமயம் தென்படும்.

சாஸ்தா கோயில், சுடலைமாடன் கோயில் தோப்புகளை நான் முதலிடத்தில் வைப்பேன். சாமிக்குப் பயந்து அங்கே யாரும் மரம் வெட்டுவதில்லை, விறகு பொறுக்குவதில்லை. பல வருஷத்துச் சருகு மெத்தைபோல் கிடக்கும். ஊருக்கு நடுவில் எஞ்சியிருக்கிற காடு அது ஒன்றுதான்.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள்ளும் குருவி உண்டு. 1988இல் அமைந்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. ஆனால் வனத்துறை அனுமதி வேண்டும், சோதனைச் சாவடியைத் தாண்டிப் போவது பகல் நேரத்தில்தான். குருவி கூப்பிடுகிற கருக்கல் நேரத்தில் நீங்கள் கேட்டுக்கு வெளியே நிற்பீர்கள். ஊரோரத் தோப்பே மேல் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 பெருவெள்ளத்தில் எங்கள் பக்கத்து ஆற்றங்கரைத் தோப்பு ஒன்றில் சருகெல்லாம் அடித்துப்போய் முழங்கால் உயரத்துக்கு வண்டல் படிந்துவிட்டது. வெள்ளத்துக்கு முந்தின வாரம் அங்கே இரண்டு குரல் கேட்டிருந்தேன். அந்தப் பனிக்காலம் முழுக்க அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. மரமெல்லாம் அப்படியேதான் நின்றது. மேட்டில் இருந்த கோயில் தோப்பில் வழக்கம்போலக் கூப்பிட்டது. மரத்தைவிட அதற்குச் சருகு பெரிது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

படி 4: தோப்புக்காரரிடம் கேளுங்கள்

இருட்டில் மாந்தோப்புக்குள் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? முந்தின நாளே போய் உரிமையாளரிடமோ காவல்காரரிடமோ சொல்லிவிடுங்கள். அனுமதி கிடைப்பதோடு தகவலும் கிடைக்கும். நான் ஒரு தோப்பில் மூன்று நாள் சுற்றியபிறகு காவல் இருந்த பெரியவர் கூப்பிட்டுக் கேட்டார்:

"தம்பி, என்ன தேடுதிய? மாங்கா இப்போ கெடையாதே."

குருவி என்றேன், சீட்டியடித்தும் காட்டினேன்.

"அதா? தெக்கு மூலையில நாரத்தைத் தூரு கெடக்குல்லா, அங்கனதான் நித்தம் கத்தும். காலையில தொட்டிப்பக்கம் குதிச்சிக்கிட்டுத் திரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

அவர் சொன்ன இடம் அடி பிசகாமல் சரியாக இருந்தது. படத்தைக் காட்டிக் கேட்பதைவிடச் சீட்டியடித்துக் கேட்டால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். நம் ஊரில் இதைக் காதால்தான் தெரியும்.

படி 5: மாலையில் இடத்தைக் குறியுங்கள்

முதல் நாள் மாலை பார்க்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். சூரியன் விழ அரை மணி இருக்கும்போது தோப்பின் ஓரத்தில் நில்லுங்கள். முதல் குரல் வந்ததும் அந்தத் திசையில் இருக்கிற ஒரு மரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். உடனே குரலை நோக்கி நடக்கக் கூடாது. பக்கவாட்டில் ஐம்பது அடி எடுத்துவைத்து அடுத்த குரலுக்குக் காத்திருங்கள். அங்கிருந்து எந்த மரத்தின் பக்கம் கேட்கிறதோ அதையும் குறியுங்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் குருவி. கூட ஒருவர் வந்தால் இன்னும் சுலபம். ஆளுக்கு ஒரு மூலையில் நின்று ஒரே குரலுக்குக் கை நீட்டிக் காட்டினால் போதும்.

மாலைக் குரல் பெரும்பாலும் இரவு தங்கப்போகும் மரத்தின் பக்கத்திலிருந்து வரும். பகலெல்லாம் தரையில் திரிந்தாலும் தூங்குவது மரத்தில்தான். ஆகவே காலையில் அது இறங்குகிற இடமும் அங்கிருந்து தூரமாக இருக்காது. குரல் அடங்கியதும் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். இரண்டு மாலை கேட்டு இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் மூன்றாம் நாள் காலை உட்காரலாம்.

படி 6: உட்காருங்கள்

வேண்டியவை அதிகமில்லை. மண் நிறத்திலோ கரும்பச்சையிலோ முழுக்கைச் சட்டை. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் ஆகாது, அரையிருட்டில் பளிச்சென்று தெரியும். உட்கார ஒரு கோணிச்சாக்கு. டார்ச் லைட். பைனாகுலர் வாங்குவதானால் 8x42 வாங்குங்கள்: 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர். 10x42 இன்னும் பெரிதாகக் காட்டுமே என்பார்கள். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, 10ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் மில்லிமீட்டரில் அதுதான். கருக்கல் வெளிச்சத்தில் அந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம். கிட்டத்தில், இரண்டு மூன்று மீட்டரில் தெளிவாகத் தெரிகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். உட்கார்ந்தவன் காலடிக்கே வருகிற பறவை இது.

உட்காரும் இடத்தைக் கம்பால் தட்டி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உட்காருங்கள். சருகு குருவிக்கு மட்டும் வீடு இல்லை. கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் தேளும் அங்கேதான் இருக்கும். மூடிய செருப்போ ஷூவோ கட்டாயம். கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலையடிவார ஊர்களில் கரடி, சிறுத்தை, காட்டுப்பன்றி தோப்புவரை வருவது உண்டு. அங்கே இருட்டில் தனியாகப் போகாதீர்கள். ஊர்க்காரர் வேண்டாம் என்று சொன்னால் அன்று விட்டுவிடுங்கள்.

குறித்த இடத்திலிருந்து இருபது மீட்டர் தள்ளி, ஒரு பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். கிழக்கு உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் நல்லது, வெளிச்சம் குருவியின் மேல் விழும். முன்னால் கொஞ்சம் வெட்டவெளியாகச் சருகுத் தரை தெரிய வேண்டும். டார்ச்சை அணைத்து, கைபேசியை அமைதியில் போட்டு, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அசையாமல் இருங்கள். கொசு கடிக்கும். தட்டக் கூடாது, மெதுவாகத் தேய்த்துவிடுங்கள்.

முதல் குரல் தலைக்கு மேலே எங்கோ கேட்கும். பிறகு அமைதி. இனிக் கண்ணை விடக் காதுதான் வேலைசெய்ய வேண்டும். சருகுச் சத்தத்தில் ஆள் ஆளுக்கு ஒரு தாளம் உண்டு. அரணை ஓடினால் இழுத்தாற்போல் ஒரே சரசரப்பு. கீரி போனால் சத்தம் ஒரு கோடாக நகர்ந்துகொண்டே இருக்கும். தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தால் சண்டையும் கூச்சலுமாகத் தோப்பே அதிரும். கோழி காலால் கீறும், சத்தம் இரட்டை இரட்டையாக வரும். ஆறுமணிக்குருவி காலால் கீறுவதில்லை. "டப்... டப்" என்று இரண்டு குதி, பிறகு ஒரு நிறுத்தம், பிறகு இலை புரளும் ஒற்றைச் சத்தம், மறுபடி நிறுத்தம். அந்த நிறுத்தம்தான் அடையாளம். நின்று, நிமிர்ந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இலையைத் தொடும்.

சத்தம் வந்ததும் பைனாகுலரை வெடுக்கென்று தூக்காதீர்கள். குருவி குனிந்து இலை புரட்டும்போது கையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், அது நிமிரும்போது நிறுத்துங்கள். மூன்று நான்கு தவணையில் கண்ணுக்குக் கொண்டுவரலாம்.

செந்தலைப் பூங்குருவியும் இதே மாதிரி இடத்தில் இதேபோல இலை புரட்டும். தலையும் நெஞ்சும் ஆரஞ்சு, முதுகு சாம்பல் நீலம் என்றால் அது பூங்குருவி. ஏமாற்றம் வேண்டாம், அதுவும் பார்க்கத் தக்க பறவைதான்.

படி 7: கண்ணில் பட்டபின் என்ன பார்ப்பது

பெரும்பாலானவர்கள் நிறத்தைப் பார்த்துப் பரவசப்பட்டுக் கேமராவைத் தேடுவதில் நேரம் போய்விடும். முதல் முறை படம் எடுக்காமல் பாருங்கள். வாலைக் கவனியுங்கள்: அந்தக் குட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். நடக்காது, குதிக்கும். இலையை அலகால் பிடித்து ஓரமாக வீசுவதையும், புழுவை இழுக்கும்போது கால்களை அகட்டி ஊன்றுவதையும் பாருங்கள். பயந்தால் தாழ்வான கிளைக்கு ஏறி முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அப்போது நீங்கள் அசையாவிட்டால் ஐந்து பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கிவிடும். பறந்துபோனால் தாழ்வாக, நேராகப் பறக்கும். கறுப்பும் நீலமுமான இறக்கையில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும். நீலத்தைப் பார்த்து வெண்மார்பு மீன்கொத்தி என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. மீன்கொத்தி கத்திக்கொண்டே போகும், இது சத்தமில்லாமல் போகும்.

பறந்தபின் துரத்தாதீர்கள். ஒரே சருகுத் தரையில்தான் பனிக்காலம் முழுக்கத் தனித்து மேயும். நாளைக்கும் அங்கேயே வரும்.

ஒலிபரப்பி அழைக்காதீர்கள்

கைபேசியில் குரலைப் போட்டால் குருவி வரும். உண்மைதான். வேறொரு குருவி தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்து, மேய்ச்சலை விட்டுவிட்டு வரும். காலை முதல் ஒரு மணி நேரம் அதற்கு வயிறு நிறைக்கும் நேரம். பங்குனியில் மறுபடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே பறக்க வேண்டிய உடம்பு அது. அதற்கு வேண்டிய கொழுப்பு இந்தச் சருகிலிருந்துதான் சேர்கிறது. ஒரு தோப்பில் தொடர்ந்து பத்து நாள் ஒலிபெருக்கியோடு வந்துபோனார்கள். பதினோராவது நாள் அங்கே குரல் இல்லை. எனக்கு இதில் சமாதானமே கிடையாது. படத்துக்காகப் புழு தூவுவதும் ஃபிளாஷ் அடிப்பதும் அப்படித்தான். வெளிச்சம் போதாவிட்டால் ஏழரை மணிவரை காத்திருங்கள். இலைகளுக்கிடையே விழும் வெயில் திட்டில் குருவி வந்து நிற்கும்போது கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றி எடுங்கள். தரையோடு தரையாகப் படுத்து எடுத்தால் படம் நன்றாக வரும்.

குறித்துவையுங்கள்

தேதி, முதல் குரலும் கடைசிக் குரலும் கேட்ட நேரம், எத்தனை குரல், தரை காய்ந்திருந்ததா நனைந்திருந்ததா: இவ்வளவு போதும். ஈபேர்டில் பதிவு செய்தால் மற்றவர்களுக்கும் உதவும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் தோப்பையும் சேருங்கள். நான்கு ஐந்து வருஷக் குறிப்பு சேர்ந்தால், இந்த வருஷம் குருவி எந்த வாரம் இறங்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

வீட்டுக்குள் வந்துவிட்டால்

ஐப்பசியில் சிலசமயம் காலையில் கதவைத் திறந்தால் திண்ணையிலோ மாடிப்படியிலோ இந்தக் குருவி களைத்து உட்கார்ந்திருக்கும். இரவுப் பயணத்தில் விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி வந்திருக்கும், அல்லது கண்ணாடி ஜன்னலில் மோதியிருக்கும். முதலில் பூனையையும் நாயையும் விலக்குங்கள். மெல்லிய துணியைப் போட்டு மூடி எடுத்து, காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான மூலையில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். சோறு, அரிசி வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் பெட்டிக்குள் குதிக்கும் சத்தம் கேட்டால் பக்கத்துத் தோப்பில், தூறு ஓரத்தில் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு விலகுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று வளர்க்க நினைப்பவர்களிடம், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

கடைசிப் படி: உங்கள் கொல்லையிலேயே வரவழைக்கலாம்

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிடச் சாஸ்தா கோயில்களுக்குக் குடும்பம் குடும்பமாக வருவோம். அதற்கு ஒரு வாரம் முன்பு தோப்பு முழுக்கப் பெருக்கிக் குவித்துத் தீ வைப்பார்கள். குருவி வடக்கே கிளம்பத் தயாராகிற அதே வாரம். எங்கள் கோயிலில் இரண்டு வருஷமாகப் பெரியவர்களிடம் பேசி, பொங்கலிடும் இடத்தையும் நடைபாதையையும் மட்டும் பெருக்கச் சொல்லியிருக்கிறோம். வடக்கோரம் மூங்கில் பக்கத்துச் சருகு அப்படியே கிடக்கிறது. "சாமி இடம் குப்பையாக் கெடக்கலாமா?" என்று முதலில் சத்தம் போட்ட மாமாவே இந்த வருஷம் தீப்பெட்டியோடு நின்ற பையனை விரட்டினார்.

வீட்டிலும் அதையே செய்கிறேன். பலா மரத்தடியில் இரண்டு சென்ட் இடம், புரட்டாசியிலிருந்து பங்குனிவரை விளக்குமாறு படாது. அம்மாவுக்குப் பாம்பு பயம், நியாயமான பயம்தான். அதனால் வீட்டுச் சுவரிலிருந்து முப்பது அடி தள்ளி, கிணற்றுக்குப் போகிற பாதையைச் சுத்தமாகப் பெருக்கி வைத்திருக்கிறோம். வாரத்துக்கு இரண்டு முறை அந்தச் சருகின்மேல் ஒரு வாளித் தண்ணீர் தெளிப்பேன். மூன்றாம் வருஷம் கார்த்திகையில் ஒரு குருவி வாய்க்காலைத் தாண்டி இங்கே வந்தது. இப்போது அடுக்களை ஜன்னலிலிருந்தே தெரிகிறது. காலையில் பால் அடுப்பில் ஏறும்போது அது இலை புரட்டிக்கொண்டிருக்கும்.